படகு அங்கே கிடைக்கும், அளவு நம் கையில் இருக்க வேண்டும்

அம்பாசமுத்திரத்தில் தாமிரபரணிப் படித்துறையில் நீச்சல் பழகியவன் நான். துடுப்பு பிடித்தது போபால் ஏரியில். இந்திய கயாக் அணியோடு முதன்முதலாகக் கடல் கடந்தது ஒரு மே மாதத்தில், ஹங்கேரியின் செகெட் நகருக்கு. அதிலும் பிந்தைய பயணங்களிலும் பட்டுத் தெரிந்தவற்றை அடுத்துப் போகும் தம்பி, தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

அளவுக் குறிப்பு

ஒற்றை ஆள் கயாக்கின் நீளம் 5.20 மீட்டர் வரை போகும். விமானத்தில் கொண்டுபோவது பெரும்பாடு என்பதால் தூரத்து அணிகள் போட்டி நடக்கும் இடத்திலேயே வாடகைக்கு எடுக்கின்றன. செகெட்டில் எனக்கு வந்த படகில் கால்பலகை இரண்டு விரற்கடை தள்ளி இருந்தது. சரியான தூரம் எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை. மாற்றி மாற்றிப் பார்த்ததில் இரண்டு நாள் பயிற்சி போயிற்று. காலை ஊன்றி உதைத்து இடுப்பைத் திருப்பினால்தான் துடுப்புக்குப் பலம். தோள் மட்டும் போதாது. இப்போது இருக்கைக்கும் கால்பலகைக்கும் உள்ள தூரம், இருக்கையின் உயரம், துடுப்பின் நீளம், இரு தகடுகளுக்கு இடையிலான கோணம் நான்கும் என் நோட்டில் இருக்கின்றன. வாடகைப் படகை எடுத்ததும் எடையும் பாருங்கள். 12 கிலோவுக்குக் குறைந்தால் ஓடிய ஓட்டம் செல்லாது.

துடுப்பு

ஒரு பயணத்தில் என் துடுப்புப் பை மூன்று நாள் கழித்து வந்து சேர்ந்தது. அதுவரை இரவல் துடுப்பு. அதன்பின் என் மாற்றுத் துடுப்பு தோழன் பையில், அவனுடையது என் பையில்.

சாப்பாடு

அம்மா இட்லிப் பொடியோடு நெய்யும் கட்டினாள். பால் பொருள், இறைச்சிப் பொருள் எதையும் இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்றேன். "நெய் இல்லாம எப்படிய்யா இறங்கும்?" என்று கேட்டாள். நல்லெண்ணெயை இறுக மூடி பெரிய பெட்டியில் வைத்தோம். பொடியும் சோறும் இருந்தால் வயிறு அடங்கும். போட்டிக்கு முந்தைய நாள் புது உணவு எதையும் தொடாதீர்கள்.

மருந்து

இதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். சளி பிடித்தால் ஊரில் லேகியம் தின்போம். அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பல நேரம் நமக்குத் தெரியாது. கடையில் விற்கும் சில சளி மாத்திரைகளில் உள்ள சூடோஎபெட்ரின், போட்டி நேரத்தில் அளவு மீறினால் ஊக்கமருந்துக் குற்றம். உடம்பில் எது இருந்தாலும் பொறுப்பு வீரருடையது. யார் கொடுத்தார்கள் என்பது குற்றத்தைத் தள்ளாது. அணி மருத்துவரிடம் காட்டாமல் ஒரு மாத்திரையும் போடாதீர்கள்.

நேரமும் காற்றும்

கோடையில் ஹங்கேரி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியது. உடம்பு பழக மூன்று, நான்கு நாள் ஆகும். போட்டிக்கு முந்தைய நாள் போய் இறங்காதீர்கள். நமக்கு அக்கினி நட்சத்திரம் கொளுத்தும் மே மாதத்தில் அங்கே விடிகாலையில் விரல் விறைக்கும். கம்பளித் தொப்பி, கையுறை அவசியம்.

தாமிரபரணி ஓடும் தண்ணீர். பந்தயத் தடாகம் கட்டிய தண்ணீர். அங்கே நம்மைத் தள்ளுவது காற்றுதான். சீக்கிரமே போய்க் கொடிகள் எந்தப் பக்கம் பறக்கின்றன என்று பாருங்கள். பக்கக் காற்று படகின் மூக்கைத் திருப்பும். எந்தக் காலால் சுக்கானைப் பிடிப்பது என்று கரையிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

இத்தனை கவனமும் எதற்கு? ஆசிய விளையாட்டில் கயாக், கேனோ பந்தயங்களில் இந்தியா வென்றவை இரண்டே வெண்கலம். 1994 ஹிரோஷிமாவில் சிஜி சதானந்தனும் ஜானி ரொம்மலும், 2023 ஹாங்சோவில் அர்ஜுன் சிங்கும் சுனில் சிங் சலாமும். இரண்டும் முழங்காலிட்டுத் துழாவும் கேனோவில் வந்தவை. உட்கார்ந்து துழாவும் கயாக்கில் நமக்கு இன்னும் ஒன்றும் இல்லை.

பாபநாசம் முதல் ஆத்தூர் வரை ஆற்றில் குதித்து வளரும் பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் பயம் கிடையாது. பெற்றோரே, அவர்கள் துடுப்பு பிடிக்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். பிள்ளைகளே, முதலில் நீச்சலை முழுதாகக் கற்றுக்கொள்ளுங்கள்; பிறகு ஒரு நோட்டு வாங்கி, உங்கள் அளவை எழுதத் தொடங்குங்கள்.