ராஸ் மீன்கள்: கடை சொல்வதும் கடல் சொல்வதும்

வீட்டில் பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் ராஸ் மீனைப் பெரும்பாலும் மருந்து வாங்குவதுபோலத்தான் வாங்குகிறார்கள். வெள்ளைப் புள்ளி வந்தால் ஒன்று, தட்டைப்புழு பெருகினால் இன்னொன்று, தொட்டி வெறிச்சென்று தெரிந்தால் சிவப்பும் ஊதாவுமாக மூன்றாவது ஒன்று. லாப்ரிடே என்னும் இந்தக் குடும்பத்தில் 500-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. விரல் நீளம்கூட வளராதவையும் அதில் அடக்கம், இரண்டு மீட்டரைத் தாண்டும் நெப்போலியன் ராஸும் அதில் அடக்கம். ஆகவே ‘ராஸ் நல்ல மீனா?’ என்று கேட்பதில் பயனில்லை. எந்தப் பேரினம், எங்கே தூங்கும், என்ன தின்னும் என்று கேட்க வேண்டும். கடைகளில் அடிக்கடி காதில் விழும் சில பேச்சுகளை இந்தக் கேள்விகளோடு வைத்துப் பார்க்கலாம்.

“கிளீனர் ராஸ் ஒண்ணு விடுங்க சார், வெள்ளைப் புள்ளி எல்லாத்தையும் கொத்தித் தின்னுடும்.”

இந்தப் பேச்சால் செத்த மீன்களுக்குக் கணக்கே இருக்காது. கிளீனர் ராஸ் (லாப்ராய்டஸ் டிமிடியாடஸ்) மற்ற மீன்களின் உடம்பிலிருந்து ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்பது உண்மை. ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் அலெக்ஸாண்ட்ரா கிரட்டர் நடத்திய ஆய்வில் ஒரு மீன் ஒரு நாளைக்குச் சுமார் 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்பது தெரியவந்தது. ஆனால் அவற்றில் பெரும்பகுதி நேத்தியிட் எனப்படும் குட்டி ஓட்டுயிரிகள். அவை மீனின் தோல்மேல் வந்து உட்கார்ந்து இரத்தம் குடிப்பவை, கண்ணுக்குத் தெரிபவை, வாயால் கொத்தி எடுக்கக்கூடியவை.

வெள்ளைப் புள்ளி நோய் வேறு சங்கதி. அதைக் கொண்டுவரும் கிரிப்டோகேரியான் என்ற ஒற்றைச்செல் உயிரி மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்துகொள்கிறது. நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி, அதைச் சுற்றித் தோல் வீங்கிய இடம்தான். கிளீனரின் வாய் அதற்கு எட்டாது. சில நாட்களில் அந்த உயிரி தானாகவே உதிர்ந்து, மணலிலும் கல்லிலும் கூடு கட்டிப் பெருகி, பல மடங்காகத் திரும்பி வரும். உதிரும் அந்த நாட்களில் மீனின் உடம்பு சுத்தமாகத் தெரியும். கிளீனரை விட்ட மறுநாளே குணமாகிவிட்டது என்று பலர் சத்தியம் செய்வது இந்த இடைவெளியைப் பார்த்துத்தான். புதிதாக வந்த கிளீனருக்கும் நோய் தொற்றும் என்பது அடுத்த வாரம் தெரியும்.

இன்னொன்று, கிளீனருக்கு ஒட்டுண்ணியைவிட மீனின் உடம்பிலுள்ள வழவழப்புப் படலம்தான் அதிகம் பிடிக்கும். வாய்ப்புக் கிடைத்தால் அதைத்தான் கடிக்கும். கடலில் இப்படிக் கடிபட்ட மீன் கோபித்துக்கொண்டு வேறு கிளீனரிடம் போய்விடும், அந்தப் பயத்தில் கிளீனர் ஓரளவு ஒழுங்காக நடந்துகொள்ளும். நான்கடித் தொட்டியில் யாரும் எங்கும் போக முடியாது. ஐந்தாறு மீன்களை ஒரே கிளீனர் நாள் முழுக்கத் துரத்தித் துரத்திக் கடிப்பதையும், அதுவும் போதாமல் அது மெலிந்துகொண்டே போவதையும் பார்த்தவர்கள் உண்டு. ஹவாயில் மட்டுமே வாழும் ஊதா-மஞ்சள் கிளீனர் ராஸ் இப்படிப் பட்டினியில் சாவதற்கே பேர்போனது.

கடலுக்கும் இதில் நட்டம் உண்டு. லிசார்ட் தீவைச் சுற்றியுள்ள சில சிறு பவளத்திட்டுகளிலிருந்து எட்டரை ஆண்டுகள் கிளீனர்களைத் தொடர்ந்து அகற்றிப் பார்த்தார்கள். அங்கே தங்கி வாழும் மீன்களின் எண்ணிக்கை, கிளீனர் இருந்த திட்டுகளைவிட 37 விழுக்காடு குறைவாக இருந்தது. நம் தொட்டியில் உருப்படியாக ஒரு வேலையும் செய்யாத மீன், அங்கே ஒரு திட்டையே தாங்கிக்கொண்டிருக்கிறது. கிளீனர் ராஸை வாங்கவே வேண்டாம் என்பது என் கட்சி. வெள்ளைப் புள்ளிக்கு மருந்து தனித் தொட்டியில்தான்.

“மீன் மணலுக்குள்ள பூந்துடுச்சு. செத்துப்போச்சு போல.”

செத்திருக்காது, தூங்கிக்கொண்டிருக்கும். ஹாலிக்கோரஸ், மக்ரோஃபாரிங்கோடான், கோரிஸ், அனாம்ப்சஸ் ஆகிய பேரினங்கள் இரவில் மணலுக்குள் புதைந்து தூங்குபவை. கடையில் மஞ்சள் கோரிஸ் என்று விற்பது உண்மையில் ஒரு ஹாலிக்கோரஸ். லெப்பர்ட் ராஸ் என்பவை மக்ரோஃபாரிங்கோடான். பயந்தாலும் இவை மணலுக்குள்தான் ஓடும். புதிதாக விட்ட மீன் சில நாட்கள், சில சமயம் ஒரு வாரத்துக்கும் மேல், வெளியே தலைகாட்டாது. அந்த நாட்களில் ஆளாளுக்கு அருகம்புல் தேடுவதுபோல மணலைக் கிளறுவதுதான் அதைக் கொல்லும். இருக்கும் இடத்தில் விட்டுவிட்டு, விளக்கு எரியும் நேரத்தை மாற்றாமல் வைத்திருந்தால் தானே வரும்.

இவற்றை வாங்கும் முன் மணல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு நைசான மணல் போதும். உடைத்த பவளத் துண்டுகளைப் பரப்பிய தளத்தில் தலைகுப்புறப் பாயும் மீனுக்கு வாயும் விலாவும் கிழியும், அங்கிருந்து கிருமி ஏறும். பார்வைக்கு அழகாக இருக்கிறதென்று அடித்தளத்தை வெறுங்கண்ணாடியாக விட்டிருப்பவர்கள் மணலில் தூங்கும் இனங்களை மறந்துவிடலாம். நோய் பார்க்க வைக்கும் தனித் தொட்டியிலும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மணல் வைக்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

ஃபேரி ராஸ்களுக்கும் ஃபிளாஷர் ராஸ்களுக்கும் மணல் வேண்டாம். அவை கல்லிடுக்கில் தூங்குபவை. ஆனால் அங்கேயும் ஒரு பீதி காத்திருக்கிறது. காலையில் எழுந்து பார்த்தால் மீனைச் சுற்றிச் சளிப் பை ஒன்று மிதக்கும். நோய் முற்றிவிட்டது என்று மருந்தைத் தேடி ஓடுவார்கள். இரவுதோறும் தூங்கும் முன் இவை சுரந்து கட்டிக்கொள்ளும் கூடு அது. இதே பழக்கமுள்ள கிளிமீன்களை வைத்து 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. கூட்டோடு தூங்கிய மீன்களில் சுமார் 10 விழுக்காட்டை மட்டுமே நேத்தியிட்கள் கடித்தன, கூட்டைக் கலைத்துவிட்ட மீன்களில் 94 விழுக்காட்டை. ஆய்வாளர்களே அதற்குக் கடலின் கொசுவலை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

“தண்ணி நல்லா இருந்தா மீன் ஏன் குதிக்குது?”

தண்ணீர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் குதிக்கும். ஃபேரி, ஃபிளாஷர் ராஸ்கள் பவளத்திட்டுக்கு மேலே திறந்த நீரில் மிதவை உயிரிகளைப் பிடித்துத் தின்பவை. பயந்தால் பாய்ந்து தப்பிப்பது அவற்றின் பிறவிக் குணம். ஆண்மீன் இன்னொரு ஆணிடம் பகட்டு காட்டும்போதும், நள்ளிரவில் யாராவது சட்டென்று அறை விளக்கைப் போடும்போதும் பாயும். கடலில் பாய்ந்தால் மறுபடி கடலில்தான் விழும். வீட்டில் விழுவது டைல்ஸ் தரையில்.

வீட்டுத் தொட்டிகளில் இவ்வகை ராஸ்கள் சாவதற்கு நோயைவிட இது பெரிய காரணம் என்பேன். மூடி போட்டிருக்கிறேனே என்பார்கள். பார்த்தால் ஸ்கிம்மர் குழாய்க்கும் பம்ப் வயருக்கும் வெட்டிவிட்ட மூலை திறந்தே கிடக்கும். மீன் அந்த மூலையைக் கண்டுபிடித்துவிடும். விளக்குக்காகப் போடும் பெரிய கட்டக் கிரில்லில் சின்ன ஃபிளாஷர் நுழைந்து வெளியே போய்விடும். ஆறு மில்லிமீட்டர் கண்ணுள்ள நிறமற்ற வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வயர் போகும் மூலைகளையும் அடைப்பதே வழி. கண்ணாடி மூடியும் தடுக்கும், ஆனால் நம் ஊர் வெயிலில் தொட்டிச் சூட்டை உள்ளேயே பூட்டிவைக்கும். தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லருக்கு ஆகும் கரண்ட் பில்லை நினைத்தால் வலையே மேல்.

“தொட்டியிலேயே குட்டிப் பூச்சி நிறைய இருக்கு, தனியா தீனி எதுக்கு?”

ராஸ்களுக்கு இரைப்பை கிடையாது. வாயில் போனது நேரே குடலுக்குப் போகிறது, சேர்த்துவைக்க இடமில்லை. அதனால்தான் இவை காலையிலிருந்து மாலைவரை கல்லையும் மணலையும் கொத்திக்கொண்டே திரிகின்றன. ஒரே வேளையில் கைநிறையக் கொட்டினால் பாதி சம்பில் போய் அழுகும், மீன் மெலியும். கொஞ்சம் கொஞ்சமாக நாளுக்கு மூன்று நான்கு முறை என்றால் தேறும். உறைந்த மைசிஸ் இறாலும் சின்னக் குருணைத் தீனியும் பெரும்பாலானவற்றுக்கு ஒத்துப்போகும். லெப்பர்ட் ராஸ் மட்டும் விதிவிலக்கு. அது கடலில் நுண்ணிய ஓட்டுயிர்களைத் தேடித் தின்றே பழகியது, உறைந்த உணவைக் கண்டுகொள்ளவே நாளாகும். புதுத் தொட்டியில் அதை விடுவது வீண் செலவு. கல்லிலும் மணலிலும் குட்டி உயிரிகள் பெருகி, தொட்டி நன்றாக முதிர்ந்தபிறகே அதைப் பற்றி யோசிக்கலாம். முதுகு மெலிந்து கத்திபோலத் தெரியும் லெப்பர்டைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

“ராஸ் பவளத்தைத் தொடாது. பூச்சியை மட்டும்தான் தின்னும்.”

முதல் பாதி, கடையில் கிடைக்கும் பெரும்பாலான இனங்களுக்குச் சரி. முழுக் குடும்பத்துக்கும் அல்ல. லாப்ராப்சிஸ், லாப்ரிக்திஸ் பேரினங்கள் பவளத்தையே தின்பவை. அவற்றின் தடித்த உதடுகள் சளி சுரக்கும், அதனால் கொட்டும் செல்கள் உறைக்காமல் பவளத்தில் வாயை வைத்து உறிஞ்சிவிடும். குட்டியாக இருக்கும்போது சில கிளீனர் வேலையும் செய்வதால் ஏமாந்து வாங்குவோர் உண்டு.

இரண்டாம் பாதியில்தான் பணம் போகிறது. ஹாலிக்கோரஸ் தட்டைப்புழுவைத் தின்னும், சிப்பிகளின் இரத்தம் உறிஞ்சும் குட்டி நத்தைகளையும் தின்னும். ஆனால் இது பூச்சி, அது நான் எண்ணூறு ரூபாய் கொடுத்து வாங்கிய அலங்கார இறால் என்ற பாகுபாடு அதற்குத் தெரியாது. சின்ன இறால், குழாய்ப்புழு, பாசி தின்ன விட்ட நத்தை எல்லாமே அதற்கு இரைதான். பெரிய கிளீனர் இறால் பெரும்பாலும் பிழைக்கும், தோலுரித்த நாளில் மட்டும் ஆபத்து. ஓடு கெட்டியாக இருந்தாலும் சில ராஸ்கள் விடுவதில்லை. டஸ்க் ராஸ் எனப்படும் கோரோடான் இனங்கள் சிப்பியை வாயில் கவ்விக் கல்லில் அடித்து உடைத்துத் தின்பதைப் படமே எடுத்திருக்கிறார்கள்.

பூச்சி வேட்டைக்கென்று அதிகம் விற்பது சிக்ஸ் லைன் ராஸ். முதல் சில மாதங்கள் அது தங்கமான மீன். பிறகு தொட்டி முழுவதும் தன்னுடையது என்று முடிவுகட்டிவிடும், அடுத்து எந்த மீனை விட்டாலும் துடுப்பைக் கிழிக்கும். கல் அடுக்கை முழுக்கக் கலைக்காமல் அதைப் பிடிக்கவும் முடியாது. வேண்டுமென்றால் கடைசி மீனாக விடுங்கள். ஃபேரி ராஸ் வைக்கும் எண்ணம் இருந்தால் விடவே வேண்டாம்.

“நல்ல கலர் ஆண் மீன் ஒண்ணே போதும்.”

ராஸ்களில் பெரும்பாலானவை பெண்ணாக வளர்ந்து பிறகு ஆணாக மாறுபவை. கூட்டத்தில் ஆண் செத்தாலோ பிரிந்தாலோ பெரிய பெண் அந்த இடத்துக்கு வரும். கடையில் கண்ணைப் பறிக்கும் ஆண், பெண்கள் நடுவில் பகட்டிக்கொண்டிருந்த மீன். தனியாக வைத்தால் காட்டுவதற்கு ஆளில்லை, நிறம் மெல்ல மங்கும். இரண்டு மூன்று இளம் பெண்களை ஒன்றாக விட்டால் ஒன்று ஆணாகும், விலையும் பாதிதான். இதில் இன்னொரு தொல்லை, பெண்களைப் பார்த்து இனம் சொல்வது கடினம். நிபுணர்களுக்கே தடுமாறும். மாலத்தீவுக் கடலில் நாற்பது முதல் எழுபது மீட்டர் ஆழத்தில் வாழும் ஒரு ரோஜா நிற ஃபேரி ராஸை வேறொரு இனம் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். தனி இனம் என்று 2022-இல் விவரித்து, அந்நாட்டுத் தேசிய மலரின் பெயரால் சிர்ரிலாப்ரஸ் ஃபினிஃபென்மா என்று பெயரிட்டார்கள். அதற்கு முன்பே அது மீன் வணிகத்தில் விற்றுக்கொண்டிருந்தது.

“இத்தனூண்டு மீனுக்கு எவ்வளவு பெரிய தொட்டி வேணும்?”

கோரிஸ் அய்குலா குஞ்சு விரல் நீளம், முதுகில் இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகளோடு பொம்மைபோல இருக்கும். வளர்ந்தால் ஒரு மீட்டரைத் தாண்டும். சிவப்பு கோரிஸ் குஞ்சு நாற்பது சென்டிமீட்டர்வரை போகும், போகிற வழியில் ஒட்டாத பவளத் துண்டுகளையெல்லாம் புரட்டிப் போடும். மன்னார் வளைகுடாவில் சாதாரணமாகக் காணும் தலசோமா லூனாரே இருபத்தைந்து சென்டிமீட்டருக்கு வளர்ந்து ஓயாமல் நீந்தும். மூன்றடித் தொட்டியில் அது சுவருக்குச் சுவர் முட்டிக்கொள்ளும். வளர்ந்தபிறகு திருப்பிக் கொடுத்தால் வாங்கும் கடை அபூர்வம். கடலில் கொண்டுபோய் விடுவதும் ஆகாது, தொட்டியின் நோயும் வெளிக்கடல் இனமும் சேர்ந்தே போகும். வாங்கும் அன்றே கடைக்காரரிடம் அறிவியல் பெயரைத் தாளில் எழுதித் தரச்சொல்லி, வளர்ந்த மீனின் நீளத்தை அங்கேயே செல்போனில் பார்த்துவிடுங்கள். பெயர் தெரியவில்லை என்று அவர் சொன்னால் அன்றைக்கு மைசிஸ் பாக்கெட் மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.