அந்தப் பதிலை இன்றைக்கு அனுப்பாதே

அன்புள்ள யாழினிக்கு,

அத்தை எழுதுகிறேன். நேற்று ராத்திரி போனில் பேசியபோது உன் குரல் கம்மியிருந்தது. "நான் சண்டைக்கே போகலை அத்தை, சந்தேகம்தான் கேட்டேன். என்னைப் போய் ட்ரோல்னு சொல்லிட்டாங்க" என்றாய். மூன்று வாரம் கண்விழித்து நீ எழுதிய முதல் பேட்ச் அது. ஒரு கட்டற்ற மென்பொருள் கோப்புப் பெயரைச் சுருக்கிக் காட்டும்போது தமிழ் எழுத்துகள் பாதியில் வெட்டுப்படுவதைச் சரிசெய்திருந்தாய். அதை ஏன் ஏற்கவில்லை என்று மூன்று முறை கேட்டதற்கு, அந்த மென்பொருளின் பராமரிப்பாளர் ஒற்றை வரியில் உன்னை ட்ரோல் என்று சொல்லி உரையாடலைப் பூட்டிவிட்டார். நீயும் ஒன்றரைப் பக்கத்துக்குப் பதில் எழுதி வைத்திருக்கிறாய். எங்கே போடலாம் என்பதுதான் பாக்கி.

அந்தப் பதிலை இன்றைக்கு அனுப்பாதே. உன் பக்கம் நியாயம் இருக்கிறது. கோபத்தில் அது கரைந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

உன்னிடம் இதுவரை சொல்லாத கதை ஒன்று இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு தமிழ் அகராதியைக் கட்டற்ற மென்பொருளாக எழுதிக்கொண்டிருந்தோம். எல்லோரும் வேலைக்குப் போய்வந்து, வீட்டு வேலையை முடித்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்காருகிறவர்கள். ஒருநாள் யாரோ ஒருவர் எழுதினார். உங்கள் தேடல் குப்பை, 'கொக்கு' என்று தேடினால் கொக்கே வரவில்லை, தமிழ் தெரியாதவர்கள் எழுதியதா என்று கேட்டிருந்தார். நான் 'கொக்கு' என்று அடித்துப் பார்த்தேன். வந்தது. வருகிறதே என்று பதில் போட்டேன். வரவில்லை என்றார் மறுபடியும். இந்த முறை வார்த்தை இன்னும் தடித்திருந்தது. மூன்றாவது முறை அவர் எழுதியபோது, "இவர் ட்ரோல், யாரும் பதில் போட வேண்டாம்" என்று குழுவுக்கு எழுதியவள் நான்தான். எல்லோரும் ஆமோதித்தார்கள். அவர் போய்விட்டார்.

நான்கு மாதம் கழித்துக் காரணம் அகப்பட்டது. யூனிகோடில் 'கொ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'க'வுக்குப் பின்னால் 'ொ' என்ற ஒரே குறியீட்டைப் போடலாம். அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகப் போடலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். இரண்டும் சமம் என்றுதான் யூனிகோடும் வரையறுத்திருக்கிறது. ஆனால் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளாமல் அப்படியே ஒப்பிட்டால், கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். நாங்கள் மாற்றிக்கொள்ளவில்லை. அவருடைய விசைப்பலகை இரண்டாவது விதத்தில் அடித்திருக்கிறது. அவர் சொன்ன குறை முழுக்க முழுக்க உண்மை. மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் வரவே இல்லை. "எந்த விசைப்பலகையில் அடிக்கிறீர்கள்?" என்று அன்றே கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. அவர் பேசிய விதத்தைப் பார்த்து, அவர் சொன்ன விஷயத்தைத் தள்ளிவிட்டேன்.

ட்ரோல் என்ற சொல்லை எடுத்துக்கொள். தூண்டிலில் இரையை மாட்டி, ஓடும் படகின் பின்னால் இழுத்துக்கொண்டே போய் மீன் பிடிக்கும் முறைக்கு ஆங்கிலத்தில் ட்ரோலிங் என்று பெயர். இணையத்தில் புழங்கும் சொல் அதிலிருந்து வந்தது என்பார்கள். மற்றவர்களைச் சீண்டி, அவர்கள் கொதிப்பதைப் பார்த்து ரசிப்பதற்காகவே எழுதுகிறவர்தான் ட்ரோல். ஆக, அது ஒருவருடைய உள்நோக்கத்தைப் பற்றிய குற்றச்சாட்டு. உள்நோக்கமோ திரையில் தெரியாது. குரல் கடுமையாக இருக்கிறது, ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது, இவ்வளவுதான் தெரியும். பசியோடு வருகிறவனும் வம்புக்கு வருகிறவனும் கதவை ஒரே மாதிரிதான் தட்டுவார்கள்.

கடுமையாகப் பேசுகிறவர் எதிரிதான் என்று முடிவு கட்டிவிடாமல் இருக்க, லினக்ஸின் தொடக்க நாட்களை ஒருமுறை பார். 1992 ஜனவரி 29 அன்று, ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியராக இருந்த ஆண்ட்ரூ டனென்பாம், லினக்ஸ் காலாவதியான ஒன்று என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு மடல் எழுதினார். மாணவர்கள் இயங்குதளம் கற்பதற்காக மினிக்ஸை உருவாக்கியவர் அவர். லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது ஹெல்சின்கியில் படித்துக்கொண்டிருந்த 22 வயதுப் பையன். லினக்ஸை அறிவித்து அரை வருடம்கூட ஆகவில்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னல் முழுவதையும் ஒரே பாறையாகச் செய்திருப்பது பின்னோக்கிய நடை, இன்டெல் 386 செயலியோடு அதைக் கட்டிப்போட்டிருப்பது இன்னொரு தவறு என்றார் பேராசிரியர். நீ என் மாணவனாக இருந்திருந்தால் இதற்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருக்காது என்றும் பிறகு எழுதினார். பையனுக்குச் சுருக்கென்று தைத்தது. மினிக்ஸின் குறைகளை அடுக்கிச் சூடாகப் பதில் எழுதினான். சூடு தணிந்ததும், தான் அளவுக்கு மீறிக் கொதித்துவிட்டதாக எல்லோர் முன்பும் வருந்தினான். வருந்தியது பேச்சுக்காகத்தான். வாதத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பேராசிரியரும் விட்டுக்கொடுக்கவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். 12 வருடம் கழித்து, 2004இல், லினக்ஸை ஒரு மாணவன் தனியாக எழுதியிருக்க முடியாது, மினிக்ஸிலிருந்து எடுத்திருப்பான் என்ற பொருளில் அமெரிக்காவில் ஒருவர் புத்தகம் எழுதக் கிளம்பினார். டனென்பாமை நேரில் வந்து பேட்டியும் எடுத்தார். பழைய கணக்கைத் தீர்க்க அதைவிட நல்ல வாய்ப்பு வாய்க்காது. டனென்பாமோ, லினஸ் தன் கெர்னலைத் தானே எழுதினார் என்று பகிரங்கமாக எழுதி, அந்தக் குற்றச்சாட்டை மறுத்தார். வடிவமைப்பில் தன் கருத்து மாறவில்லை என்பதையும் கூடவே சொன்னார். 1992இல் அவரை ட்ரோல் என்று ஒதுக்கியிருந்தால், இப்படிப்பட்ட ஒரு மனிதரை இழந்திருப்பார்கள். லினக்ஸும் 386ஐத் தாண்டி இன்றைக்குக் கைப்பேசி வரைக்கும் வந்துவிட்டது. ஒரே செயலியோடு நின்றுவிடாதே என்று அவர் சொன்னதில் சாரம் இருந்திருக்கிறது.

இதைச் சொன்னதும், அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் திட்டலாமா என்று கேட்பாய். கூடாது. அதற்கும் லினஸே சாட்சி. பின்னாளில் கெர்னல் குழுவின் தலைவராக அவர் எழுதிய வசைகள் பேர்போனவை. அந்தச் சூழல் தாங்காமல் கெர்னல் பணியை விட்டே போனவர்கள் உண்டு. 2018 செப்டம்பர் 16 அன்று, தன் மடல்களில் மற்றவர்களைத் தாக்கியதற்கு மன்னிப்புக் கேட்டு, பிறர் உணர்வுகளைப் புரிந்துகொள்ள உதவி தேடப்போவதாகச் சொல்லிச் சில வாரம் ஒதுங்கி இருந்தார். கெர்னல் குழுவுக்குப் புதிய நடத்தை விதிகள் வந்ததும் அப்போதுதான். பேட்சைக் குறை சொல்லும்போது நிரல் திருந்துகிறது. எழுதியவரைக் குறை சொல்லும்போது ஆள்தான் போய்விடுகிறார்.

இப்போது மறுபக்கம். 2024 மார்ச் 29 அன்று உலகத்தையே உலுக்கிய செய்தி ஒன்று வந்தது. ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருக்கும் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவிக்குள் யாரோ கள்ளக்கதவு வைத்திருந்தார்கள். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் சோதனைக் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி அதிகம் ஆகிறதே என்று தோண்டிப் பார்த்ததில் சிக்கியது. அதை வைத்தவர் யார் தெரியுமா? ஜியா டான் என்ற பெயரில் 2021இலிருந்து பேட்ச் அனுப்பி வந்தவர். பணிவானவர், பொறுமையானவர், உழைப்பாளி. நடத்தை விதிகளை வைத்துத் தேடினால் ஒரு தவறான சொல்கூட அகப்படாது.

அவருக்கு வழி விட்டது எது என்று பார்த்தால் நெஞ்சு கனக்கும். அந்தக் கருவியைப் பல வருடமாக ஏறக்குறைய தனி ஆளாகப் பராமரித்தவர் லாஸே காலின். 2022இல் சில பெயர்களிலிருந்து அவருக்கு மடல் மேல் மடல் வந்தது. ஏன் இவ்வளவு தாமதம், அக்கறை இல்லையென்றால் பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று நச்சரித்தார்கள். தனக்கு நெடுநாளாக மனநலச் சிக்கல் இருக்கிறது, இது சம்பளமில்லாமல் செய்கிற வேலை என்று அவர் சொல்லிப் பார்த்தார். நச்சரிப்பு நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பு ஜியா டான் கைக்குப் போனது. நச்சரித்த அந்தப் பெயர்களும் அதே சூழ்ச்சியின் பகுதிதான் என்று பிறகு ஆராய்ந்தவர்கள் பரவலாகக் கருதுகிறார்கள். அலுத்துப்போன ஒரு பராமரிப்பாளரை மேலும் அலைக்கழித்தால் ஒரு கருவியையே பறித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இனிக்கப் பேசியவர் கதவை உடைத்தார். என் கொக்குக்காரர் கசக்கப் பேசி, கதவு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஆகவே குரலை வைத்து ஆளை எடைபோடாதே. சொன்ன விஷயத்தைச் சோதித்துப் பார். சோதிக்கத் தேவையான தகவல் இல்லையென்றால் கேள். கேட்டதற்குப் பதில் சொல்லாமல், ஒவ்வொரு முறையும் பேச்சை வேறு பக்கம் திருப்பி, மனிதர்களை மட்டுமே ஒருவர் கொத்திக்கொண்டிருந்தால், அப்போது அவரை ட்ரோல் என்று நீ நினைக்கலாம். அப்போதும் அதைச் சொல்லாதே. பதில் போடுவதை நிறுத்திவிடு. சீண்டிப் பார்க்கிறவருக்கு உன் மௌனம்தான் தோல்வி. ஒருவேளை அவர் நேர்மையானவர்தான் என்றால், நாளைக்குத் திரும்பி வர வழியாவது இருக்கும்.

ஒன்றை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதே. நீ பெண் என்பதற்காகவோ, உன் சாதியையோ ஊரையோ சொல்லியோ யாராவது எழுதினாலும் மிரட்டினாலும் அது வாதமே ஆகாது. அங்கே பொறுமை காட்டத் தேவையில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, அந்தத் திட்டத்தின் நடத்தை விதிகளில் இருக்கும் முகவரிக்கு எழுது. எனக்கும் சொல்.

சரி, உன் பேட்சுக்கு வருவோம். நீ அனுப்பியதைப் படித்தேன். 'பூங்கொடி' என்ற பெயரை அந்த மென்பொருள் ஐந்து குறியீட்டோடு வெட்டுகிறது. ப, ஊகாரக் குறி, ங, புள்ளி, க என்று ஐந்து. 'கொ'வின் உயிர்க்குறி வெளியே விழுந்துவிட, திரையில் 'பூங்க' என்று நிற்கிறது. உனக்கு அது மூளியான சொல். அந்தப் பராமரிப்பாளருக்கோ தமிழ் தெரியாது. அவர் கண்ணில் 'பூங்க'வும் ஒரு வடிவம், 'பூங்கொ'வும் ஒரு வடிவம். எது சரி, எது தவறு என்று அவருக்கு எப்படித் தெரியும்? நீ மூன்று முறையும், ஏன் ஏற்கவில்லை என்று கேட்டாய். என்ன கெட்டுப்போகிறது என்று ஒரு முறையும் காட்டவில்லை. அவர் உன்னை ட்ரோல் என்றது தவறுதான். விசைப்பலகையைப் பற்றிக் கேட்க எனக்கு வாய்ப்பிருந்ததுபோல, அவருக்கும் ஒரு கேள்வி கேட்க வாய்ப்பிருந்தது. அவர் கேட்கவில்லை. கேட்காததை நீயே சொல்லிவிடு.

பூட்டிய உரையாடலைப் பெயர் மாற்றி மறுபடி திறக்காதே. அது அவர் சந்தேகத்தை உறுதியாக்கும். நாளைக் காலையில் தனி மடல் எழுது. இரண்டு படம் இணைத்துவிடு, ஒன்று வெட்டுப்பட்ட 'பூங்க', இன்னொன்று உன் பேட்சைச் சேர்த்த பிறகு 'பூங்கொ'. ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் கடைசி எழுத்துக்குப் பாதி வால் போனால் எப்படியோ அப்படி என்று ஒரு வரி சொல். சோதித்துப் பார்க்கும் வழியை ஒரு வரியில் சொல். திரும்பத் திரும்பக் கேட்டது தொந்தரவாக இருந்திருந்தால் வருந்துகிறேன் என்று ஒரு வரி எழுது. அதில் உனக்கு எந்தக் குறைவும் இல்லை. ட்ரோல் என்ற சொல் உன்னை வருத்தியது என்பதையும் மறைக்காமல் ஒரு வரியில் சொல். அதோடு முடித்துவிடு.

அதற்கும் அவர் ஒப்பாவிட்டால்? அப்போதும் வழி இருக்கிறது. 2014இல், டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கும் குழுவில், கணினி தொடங்கும்போது முதலில் ஓட வேண்டிய மென்பொருள் எது என்பதில் பெரும் பிளவு வந்தது. தொழில்நுட்பக் குழுவின் எட்டு வாக்கும் நாலுக்கு நாலாக நின்று, தலைவர் தன் தீர்மான வாக்கைப் போட்டு சிஸ்டம்டி என்ற மென்பொருளைத் தேர்ந்தெடுத்தார். வருடம் முடிவதற்குள் அந்தக் குழுவிலிருந்தே சிலர் விலகினார்கள். முடிவை ஏற்காத வேறு சிலர் டெவுவான் என்று தனியாகவே ஒரு இயங்குதளத்தைத் தொடங்கினார்கள். கட்டற்ற உரிமம் தருகிற சுதந்திரம் அதுதான். உன் பேட்ச் உன் பிரதியில் ஓடும். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். யாருடைய ஒற்றை வரியும் அதை அழித்துவிட முடியாது.

இன்னும் சில வருடத்தில் நீயும் ஏதோ ஒரு சின்னக் கருவியைப் பராமரித்துக்கொண்டிருப்பாய். ராத்திரி பதினொரு மணிக்கு, கண் எரிய உட்கார்ந்திருக்கும்போது, முகம் தெரியாத யாரோ கடுகடுவென்று ஒரு குறை எழுதுவார்கள். ட்ரோல் என்ற சொல் உன் விரல் நுனிக்கு வரும். அந்த நேரத்தில், நேற்று ராத்திரி நீ அழுததை நினைத்துக்கொள். அப்புறம் அவரிடம் ஒரு கேள்வி கேள்.

நாளைக்கு மடல் எழுதியதும், அனுப்புவதற்கு முன் எனக்குப் படித்துக் காட்டு. ஆறரை மணிக்கே விழித்திருப்பேன்.

அன்புடன்,
அத்தை