முடி முளைத்துவிட்டது, இனி மருந்து எதற்கு?

குழந்தைக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் வீட்டில் முதலில் அழுகை, அடுத்து விசாரணை. "மாசமா இருந்தப்ப கிரகணத்துல வெளிய போனியா?" "பப்பாளி தின்னியா?" கூண்டில் நிற்பவள் தாய். பெரியவர்களுக்கு வந்தால் புகையிலை, மது என்று கைகாட்டலாம். குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு காரணமும் அகப்படாது. ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மட்டும் பிறவியிலேயே உள்ள மரபணு மாறுதல் பின்னணியில் இருக்கும். கிரகணத்துக்கு இதில் வேலையில்லை.

"கிட்டப் போகாதே, ஒட்டிக்கும்." அந்த நோய் யாருக்கும் ஒட்டாது. நம்மிடமுள்ள தொற்றுதான் அந்தக் குழந்தைக்கு ஒட்டும். மருந்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்புக்கு நம் வீட்டு அம்மையும் சளியும் பெரிய ஆபத்து. ஆகவே காய்ச்சலோடு நலம் விசாரிக்கப் போகாதீர்கள்.

"முதுகுல ஊசி போட்டா கால் விளங்காம போயிடும்." இந்தப் பேச்சைக் கேட்டு மிரளாத பெற்றோர் குறைவு. ரத்தப்புற்று அணுக்கள் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரில் போய் ஒளிந்துகொள்ளும். கையில் ஏற்றும் பல மருந்துகள் அங்கே போதிய அளவு எட்டாது. அதனால்தான் முதுகில் ஊசி. அதுவும் தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழே போடுகிறார்கள்.

இதையெல்லாம் விட நான் அஞ்சுவது, நல்ல செய்தி போல வரும் ஒரு வார்த்தைக்கு: "தேறிட்டான்."

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் ரத்தப்புற்றுக்கு. அதில் பெரும்பகுதி வார்டில் ஏ.எல்.எல். என்று சொல்லும் வகை. முதல் ஒரு மாத சிகிச்சையிலேயே பெரும்பாலான குழந்தைகளுக்குக் காய்ச்சல் இறங்கும், ரத்தம் ஊறும். நுண்ணோக்கியிலும் நோய் தென்படாது. ஆனால் நோய் கண்டபோது உடம்பில் இருந்த கெட்ட அணுக்கள் ஒரு லட்சம் கோடி வரை இருக்கலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது செத்தாலும் மிச்சம் ஆயிரம் கோடி. அவற்றை ஒழிக்கத்தான் இரண்டு, இரண்டரை ஆண்டு சிகிச்சை. அதன் பிற்பாதியில் தினம் மாத்திரை; தலையில் முடி முளைத்திருக்கும், பிள்ளை ஓடி விளையாடும். அப்போதுதான் சில வீடுகளில் மருந்தைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். மீண்டும் வரும் நோய் முன்பு கேட்ட மருந்துக்குப் பெரும்பாலும் அவ்வளவு எளிதில் கேட்பதில்லை.

வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குணமாகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதம் கூட இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாமதம், மருந்துத் தட்டுப்பாடு என்று காரணங்கள் பல. சிகிச்சை பாதியில் நிற்பதும் அவற்றில் ஒன்று.

சிலர் நிறுத்திவிட்டுப் பச்சிலைக்குப் போகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் விட்டுவந்த வின்கிரிஸ்டின் ஊசியே நம்மூர் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்ததுதான், சுடுகாட்டு மல்லி என்று சிலர் வீட்டில் வைக்கத் தயங்கும் அதே செடி. பல நூறு கிலோ காய்ந்த இலையில் சில கிராம் மருந்து தேறினால் அதிகம். கஷாயம் வைத்துக் குடித்தால் அந்த மருந்து அளவோடு ரத்தத்தில் சேராது. செடியின் நஞ்சுதான் சேரும்.

நிறுத்துகிறவர்கள் எல்லோரையும் அறியாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. மருந்து இலவசமாகவே கிடைத்தாலும் போக்குவரத்துச் செலவு, இழந்த கூலி, மருத்துவமனைக்கு வெளியே வாடகை அறை இவையெல்லாம் இலவசமில்லை. ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமில்லை; உடன் செல்பவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. மருத்துவமனைச் சான்று வேண்டும். இது தெரியாமல் முழுக் கட்டணம் கட்டுகிறவர்கள் உண்டு.

"உதவி வேணும்னா சொல்லுங்க" என்றால் யாரும் சொல்லமாட்டார்கள். "செவ்வாய்க்கிழமை நீங்க ஊசிக்குப் போங்கக்கா, பெரியவ எங்க வீட்ல சாப்பிட்டு ஸ்கூலுக்குப் போகட்டும்" என்று சொல்லிப் பாருங்கள்.