விளையாட்டு இரயில் கற்பிக்கும் அளவுப் பாடம்

 

ஒரு கடையில் வாங்கிய போல்ட்டில், வேறொரு கடையில் வாங்கிய நட்டு சரியாகப் பொருந்துகின்றது. அவ்விரண்டையும் செய்தவர்கள் ஒருவரையொருவர் கண்டதே இல்லை. பின் எவ்வாறு பொருந்தின? ‘தர அளவு’ என்னும் பொது உடன்பாடே காரணமாகும். அத்தகைய உடன்பாடு எவ்வாறு உருவாகின்றது என்பதை மாதிரி இரயிலின் வரலாறு தெளிவாக விளக்குகின்றது.

பாதையின் அகலம்

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1891ஆம் ஆண்டு நடைபெற்ற பொருட்காட்சியில், மார்க்லின் என்னும் பொம்மை நிறுவனம், சாவி கொடுத்தால் ஓடும் இரயிலையும் எட்டு வடிவில் அமைந்த தண்டவாளத்தையும் வைத்தது. வண்டிகளையும் தண்டவாளத் துண்டுகளையும் பின்னர் தனித்தனியே வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். இவ்வாண்டு வாங்கிய துண்டோடு அடுத்த ஆண்டு வாங்கும் துண்டு இணைய வேண்டுமன்றோ? ஆதலின், அந்நிறுவனம் பாதை அகலங்களுக்கு எண் வரிசை வகுத்தது. இன்று 1ஆம் எண் பாதையின் அகலம் 45 மில்லிமீட்டர். 0 எண் பாதையின் அகலம் 32 மில்லிமீட்டர்.

அமெரிக்காவில் லயனல் நிறுவனம் 1906இல் ஏறத்தாழ 54 மில்லிமீட்டர் அகலமுள்ள பாதையை வெளியிட்டு, அதற்குத் ‘தர அளவு’ என்றே பெயர் சூட்டியது. ஆயினும் அப்பெயரைத் தன் வணிக உரிமையாக வைத்துக்கொண்டது. அதே அகலத்தில் செய்த பிற நிறுவனங்கள் ‘அகலப் பாதை’ என்று வேறு பெயர் இட்டன. பெயர் சூட்டுவதால் மட்டும் ஓர் அளவு பொது அளவாகிவிடாது. பலரும் இசைந்து ஏற்றால்தான் ஆகும்.

1930களில் 0 அளவின் பாதி என்னும் பொருளில் ‘எச்0’ அளவு பரவியது. உண்மை இரயிலை 87இல் ஒரு பங்காகச் சுருக்குவது இது. உலகில் பெரிதும் வழங்கும் 1,435 மில்லிமீட்டர் பாதையை 87ஆல் வகுத்துப் பாருங்கள், 16.5 கிடைக்கும்.

பிரிட்டனில் ஒரு சிக்கல் எழுந்தது. அந்நாட்டு இரயில் எஞ்சின்கள் உருவில் சிறியவை. 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால், அக்கால மின்மோட்டார் உள்ளே அடங்கவில்லை. ஆகவே வண்டியை ஏறத்தாழ 76இல் ஒரு பங்காகச் செய்து, பாதையை மட்டும் 16.5 மில்லிமீட்டராகவே விட்டனர். கணக்குப்படி பாதை 18.83 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும்!

சக்கரத்தின் அளவு

பாதையின் அகலம் ஒத்திருந்தால் மட்டும் போதுமா? போதாது. இரயில் சக்கரத்தின் உட்புறம் ஒரு விளிம்பு நீண்டிருக்கும். அதுவே சக்கரம் தடம் புரளாமல் காக்கின்றது. ஓர் அச்சில் இரு சக்கரங்கள் உண்டு. அவற்றின் உட்புறங்களுக்கு இடையே உள்ள தூரம் எச்0 அளவில் ஏறத்தாழ 14½ மில்லிமீட்டர். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் தண்டவாளங்கள் குறுக்கிட்டு ஒரு கூர்முனை உண்டாகும். சக்கரம் அம்முனையில் மோதாதபடி எதிர்ப்பக்கத்தில் ஒரு காப்புத் தண்டவாளம் அமைப்பர். சக்கரங்களின் இடைத்தூரம் மிகுந்தால் விளிம்பு கூர்முனையில் மோதும். குறைந்தால் சக்கரங்கள் காப்புத் தண்டவாளத்தில் இறுகிச் சிக்கும். நேர்ப்பாதையில் நன்றாக ஓடிய வண்டி, இங்கே கவிழ்ந்துவிடும்.

இக்குறையைக் களையவே, 1935இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் மாதிரி இரயில் ஆர்வலர்கள் ஒன்றுகூடித் தேசிய மாதிரி இரயில்பாதைச் சங்கத்தைத் தொடங்கினர். அச்சங்கம் சக்கரம், தண்டவாளம் இரண்டிற்கும் அளவுகளை வகுத்தது; அவற்றைச் சோதிக்க, வெட்டுகள் கொண்ட தட்டையான உலோக அளவுகோல் ஒன்றையும் தந்தது. ஐரோப்பிய நாடுகளின் சங்கங்கள் 1954இல் இணைந்து தமக்கென அளவுகளை வகுத்தன. அரசாங்கம் ஆணையிடவில்லை, வேண்டுவோர் தாமே இசைந்து ஏற்றனர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உண்மைச் சக்கரத்தின் அகலம் சுமார் 140 மில்லிமீட்டர். அதை 87ஆல் வகுத்தால் 1.6 வரும். ஆனால் அமெரிக்கச் சங்கம் பரிந்துரைத்த சக்கர வடிவங்களுள் பெரிதும் வழங்குவதன் அகலம் 2.8 மில்லிமீட்டர். ஏன்? வீட்டில் அமைக்கும் பாதையில் மேடுபள்ளமும் கூரிய வளைவும் இருக்கும். அவற்றைத் தாங்கச் சற்று இடம் தர வேண்டும். எவ்வளவு பிழையைப் பொறுக்கலாம் என்று முன்கூட்டியே வரையறுப்பதும் துல்லியத்தின் ஒரு பகுதியே.

செய்து பாருங்கள்

நம் நாட்டில் கே.டி.எம். இரயில் ஓடும் பாதையின் அகலம் 1,000 மில்லிமீட்டர். இதை 87ஆல் வகுத்து விடை காணுங்கள். மீட்டர் பாதைக்கு எச்0 அளவில் ஏற்கப்பட்ட அகலம் 12 மில்லிமீட்டர். வேறுபாடு எவ்வளவு? அந்த வேறுபாட்டை ஏன் ஏற்றுக்கொண்டனர் என்று சிந்தியுங்கள்.

மாணவர்களே! ‘ஏறத்தாழச் சரி’ என்று கண்ணால் மதிப்பிட்டு விடாமல், அளவுகோலை எடுத்து அளந்து பழகுங்கள். நாளை நீங்கள் செய்யும் ஒரு பொருள், நீங்கள் அறியாத ஒருவர் செய்த பொருளோடு பொருந்த வேண்டியிருக்கும். அவர் உங்கள் அளவை நம்பியே தம் வேலையைச் செய்திருப்பார்.