காற்றாடிக்கு இறக்கை செதுக்கும் விதம்

பெரும்பாக்கத்துக்கு அடுத்த பள்ளிக்கரணையில் தேசியக் காற்றுச் சக்தி நிலையம் இருக்கிறது. 1998-ஆம் வருஷம் ஏற்பட்ட இந்த ஸ்தாபனம் ஆராயும் இராட்சத யந்திரங்களுக்கும், கிராமத் தச்சர் மரத்தடியில் உட்கார்ந்து செதுக்கும் 4 அடி இறக்கைக்கும் தத்துவம் ஒன்றே. ஆயினும் சங்கத்தின் பொதுப் பணத்தை இதில் இறக்குமுன், அங்கத்தினர்கள் பலனின் அளவை அறிந்துகொள்ளுதல் அவசியம்.

8 அடி விட்டமுள்ள காற்றாடி, மணிக்கு 18 கிலோமீட்டர் வேகமுள்ள காற்றில் ஏறக்குறைய 100 வாட் மின்சாரம் தரும். காற்று 11 கிலோமீட்டராகக் குறைந்தால் 20 வாட்டுக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்காவது போலவே, வேகம் குறையும்போது சக்தியும் அதே விகிதத்தில் சரிந்துவிடுகிறது. காற்றிலுள்ள சக்தி முழுவதையும் எவராலும் கறக்க முடியாது. 59.3 சதவீதத்துக்கு மேல் கிடைக்காது என்று 1919-இல் ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். வீட்டில் செய்த இறக்கைக்கு 30 சதவீதம் கிடைத்தாலே திருப்தியடையலாம்.

இறக்கைகள் மிகுந்தால் மின்சாரமும் மிகும் என்று பலர் எண்ணுவது தவறு. கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் காற்றாடிக்குப் பல தகடுகள் வேண்டும். மெதுவாகச் சுற்றினாலும் அதற்கு இழுவை பலம் தேவை. டைனமோவுக்கோ வேகமே பிரதானம். டென்மார்க்கில் அஸ்கோவ் என்னும் சிற்றூரில் 1891 முதல் காற்றாடியால் மின்சாரம் உண்டாக்கிய பௌல் லா கூர் என்ற ஆசிரியர், வேகமாகச் சுற்றும் சில இறக்கைகளே மின்சாரத்துக்கு ஏற்றவை என்று கண்டார். மூன்று இறக்கை போதும்.

மரம் இலேசாயும், நார் நேராக ஓடுவதாயும், கணுவும் வெடிப்பும் இல்லாததாயும் இருத்தல் வேண்டும். நன்கு உலர்ந்த குமிழ மரம் மிகவும் தகுந்தது. 4 அடி நீளம், 6 அங்குல அகலம், 2 அங்குல கனமுள்ள மூன்று பலகைகளை, கூடுமானால் ஒரே மரத்திலிருந்து, அறுத்துக்கொள்ள வேண்டும்.

இறக்கையின் நுனி, காற்றைப்போல் ஆறு மடங்கு வேகத்தில் ஓடுகிறது. அடிப்பாகம் மெதுவாகச் செல்கிறது. ஆகையால் அடியில் சாய்வு அதிகமாயும் நுனியில் மிகக் குறைவாயும் இருக்கும்படி இறக்கையை முறுக்கிச் செதுக்குதல் அவசியம். கோணமானி இல்லாத தச்சர், சாய்வை 'இறக்கம்' என்ற அளவால் குறித்துக்கொள்ளலாம். நடுவிலிருந்து 1 அடியில் அகலம் 5½ அங்குலம், பின்விளிம்பின் இறக்கம் 1½ அங்குலம். 2 அடியில் அகலம் 4¾, இறக்கம் அரையே அரைக்கால். நுனியில் அகலம் 2¾, இறக்கம் அரைக்கால் அங்குலம். இக்குறிகளைக் கோட்டால் இணைத்து, காற்றை எதிர்நோக்கும் முகத்தை முதலில் வாச்சியாலும் பிறகு இழைப்புளியாலும் தட்டையாக இறக்க வேண்டும். அது முடிந்த பின்பே முதுகுப்புறத்தைத் தொடவேண்டும். முன்விளிம்பு சற்று உருண்டும், பின்விளிம்பு மெல்லியதாயும், முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் கனம் மிகுந்தும் அமைதல் வேண்டும். அவசரக்காரர் முதுகை முதலில் உருட்டிவிட்டுச் சாய்வுக்கு மரம் போதாமல் பலகையை வீணாக்குவது சாதாரணமாய் நிகழ்கிறது.

மூன்றையும் தராசில் நிறுத்துச் சமன் செய்வதோடு நில்லாமல், ஒவ்வொன்றும் எந்த இடத்தில் சமநிலை கொள்கிறதென்றும் ஒத்துப் பார்க்கவேண்டும். மேற்சொன்ன காற்றில் காற்றாடி நிமிஷத்துக்கு 240 முறை சுற்றும். அப்போது ஒன்றரைக் கிலோ இறக்கை 40 கிலோவுக்கு மேற்பட்ட பலத்துடன் வெளியே இழுக்கப்படுகிறது. சுற்று இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்கு. ஆகவே அடிப்பாகத்தில் போல்டுகளுக்காகத் துளையிடும்போது ஒரு சிறு வெடிப்புத் தோன்றினாலும் அந்த இறக்கையைக் கழித்துவிடுவதே உத்தமம். ஆளிவிதை எண்ணெயை மும்முறை பூசி, பிறகு பெயிண்ட் அடித்தால் மழைநீர் மரத்துள் இறங்காது.

பெரும்பாக்கத்தில் இப்போது அடுக்குமாடிக் கட்டடங்கள் நிறைந்துவிட்டன. அவற்றின் மறைவில் காற்று சுழன்று தடுமாறும். அங்கே நல்ல இறக்கையும் பயன்தராது. 300 அடி சுற்றளவிலுள்ள எதைக்காட்டிலும் 30 அடி உயரமாகக் கம்பம் நிற்க முடியாவிட்டால், சங்கம் அந்த இடத்தைக் கைவிடுதல் நலம். ஏரியும் சதுப்பும் திறந்து கிடக்கும் பக்கத்தில் கடற்காற்று ஓரளவு தடையின்றி வரும்.

2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிற்று. சாதாரணக் காற்றைக்காட்டிலும் இதன் சக்தி ஏறக்குறைய 170 மடங்காகும். பலத்த காற்றில் தானே பக்கவாட்டில் திரும்பி ஒதுங்கும்படி வாலை அமைப்பதுடன், கம்பத்தின் அடியில் கீல் வைத்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தவுடன் நான்கு ஆட்கள் கயிறு பிடித்துக் கம்பத்தைச் சாய்த்து, இறக்கைகளைக் கழற்றி, சங்கக் கட்டடத்துக்குள் வைத்துவிடலாம்.