எண்ணினோமா? அளந்தோமா?
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

பள்ளிப் படிப்பைத் தமிழில் முடித்துக் கல்லூரிக்கு வந்த நம்மில் பலருக்கு ஆங்கிலம் வீட்டில் ஒலித்த மொழியன்று. காதால் பழகியவர்கள் பிழையை ஓசையிலேயே கண்டுகொள்வர். நமக்கோ விதியின் துணை வேண்டும். அளவைக் குறிக்கும் சொற்களோடு வரும் வினை ஒருமையா, பன்மையா என்பது அத்தகைய விதிகளுள் ஒன்று.

தமிழில் 'பத்து மாடு வந்தது' என்று பேசுகிறோம். 'மாடு' என்னும் சொல் ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாய் நிற்பதால் அதனைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்பர். ஆங்கிலம் இச்சலுகையைத் தருவதில்லை. 'டென் கௌஸ்' என்று தொடங்கினால் 'ஹேவ் கம்' என்றே முடித்தாக வேண்டும்.

அளவுச் சொல்லுக்குப் பின் 'ஆஃப்' வருமாயின், அடுத்துள்ள பெயரை நோக்குக:

'டூ தேர்ட்ஸ் ஆஃப் த வாட்டர் இஸ்...'
'டூ தேர்ட்ஸ் ஆஃப் த ஸ்டூடன்ட்ஸ் ஆர்...'

மூன்றில் இரண்டு பங்கு என்னும் அளவு இரண்டிலும் ஒன்றே. ஆனால் நீர் அளக்கப்படுவது, மாணவர் எண்ணப்படுபவர். வினை அதற்கேற்ப மாறுகிறது. ஆல், சம், மோஸ்ட், ஹாஃப், எ லாட் ஆஃப் ஆகியனவும் இவ்வாறே.

ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் இவ்வேறுபாடு அடிக்கடி எழும். 'டென் மில்லிலிட்டர்ஸ் ஆஃப் ஆசிட் வாஸ் ஆடெட்' என எழுதுவதே அறிவியல் வழக்கு. பத்து மில்லிலிட்டரும் சேர்ந்து ஒரே அளவு. 'டூ ட்ராப்ஸ் ஆஃப் இண்டிகேட்டர் வேர் ஆடெட்' என்பதிலோ துளிகளை ஒன்று, இரண்டு என எண்ணி விடுகிறோம், ஆகவே பன்மை. 'டென் ருபீஸ் இஸ் இனஃப்' என்பதும் முதல் வகையே. அங்கே பத்து ரூபாய் ஒரு தொகை.

சிலவற்றை மனத்தில் இருத்தியே தீர வேண்டும். 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்' என்றால் 'பல மாணவர்கள்'; வினை 'ஆர்'. 'த நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்' என்றால் 'மாணவர்களின் எண்ணிக்கை'. எண்ணிக்கை ஒன்றாதலால் வினை 'இஸ்'. 'ஒன் ஆஃப்', 'ஈச் ஆஃப்' ஆகியவற்றுக்குப் பின் பன்மைப் பெயர் வந்தாலும் வினை ஒருமையே. 'மோர் தன் ஒன் ஸ்டூடன்ட்' பொருளால் பன்மை, வினையோ 'இஸ்'.

தேர்வுத் தாளிலும் நாளை நேர்முகத் தேர்விலும் நம் வேதியியல் அறிவு ஆங்கில வாக்கியத்தின் வழியாகவே பிறரைச் சென்றடையும். கற்ற பாடம் வினைச்சொல்லில் இடறி மதிப்பிழக்கலாகாது. வினையை எழுதுமுன், 'எண்ணினோமா, அளந்தோமா?' என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோமாக!