பிச்சாவரம்: தண்ணீர் ஊற்றாத தோட்டம்



தோட்டம் என்றால் நமக்கு ஊட்டி, ஏற்காடுதான் ஞாபகம் வரும். ஆனால் நம்ம கடலூர் மாவட்டத்திலேயே யாரும் தண்ணீர் ஊற்றாமல் வளரும் ஒரு பெரிய தோட்டம் இருக்குது. அதுதான் பிச்சாவரம் அலையாத்திக் காடு. சிதம்பரத்திலிருந்து கிழக்கே சுமார் 15 கி.மீ. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், இரண்டுக்கும் நடுவில் சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பு. 2022-ல் ராம்சார் ஈரநிலமாக அறிவித்தார்கள்.

அங்கே பார்க்க வேண்டியவை:

1. வெண்கண்டல்: சேற்றில் காற்று கிடையாது. அதனால் இதன் வேர்கள் பென்சில் நட்டு வைத்த மாதிரி மேலே நீட்டி மூச்சு விடுகின்றன. உப்பை இலை வழியாக வெளியேற்றும். இலையை நக்கிப் பார்த்தேன், கரிச்சுது!

2. சுரபுன்னை: கிளையிலிருந்து இறங்கும் வேர்கள் மரத்தைத் தாங்கி நிற்கும். விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்துவிடும்.

3. தில்லை: சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான். நான் கையை நீட்டினதும் படகுக்கார அண்ணன், "பாப்பா, ஒடிக்காத! அந்தப் பால் கண்ணுல பட்டா ஆபத்து" என்றார்.

பயன்கள்: இறால், நண்டு, மீன் குஞ்சுகள் வேர்களுக்குள்ளே வளருது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. அலையின் வேகத்தை மரங்கள் குறைத்துவிட்டன.

முன்பு மரம் வெட்டிய இடங்கள் பள்ளமாகி, கடல்நீர் தேங்கி, உப்பு ஏறிப் பாழாயின. 1990-களில் வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் மக்களோடு சேர்ந்து வாய்க்கால் வெட்டிக் கன்று நட்டார்கள். காடு திரும்ப வந்தது.

இதில் நமக்கு என்ன வேலை? இருக்குது! மாசி மகத்துக்கு நாம குளிக்கிற மணிமுத்தாறு, கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்குது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில், பிச்சாவரத்துக்குப் பக்கத்திலேயே கடலில் சேருது. அந்தக் காட்டுக்கு உப்புத் தண்ணீரோடு நல்ல தண்ணீரும் வேணும். நாம ஆற்றில் வீசுற பிளாஸ்டிக் கவர் மழை வெள்ளத்தில் எங்கே போய் நிற்கும்? யோசித்துப் பாருங்கள்.

கண்டுபிடியுங்கள்:
அ) எந்த மரத்தின் விதை மரத்திலேயே முளைக்கும்?
ஆ) வெண்கண்டல் வேர் ஏன் மேலே நீட்டுகிறது?

ஆற்றைக் காப்போம்! காட்டைக் காப்போம்!

— 9-ஆம் வகுப்பு மாணவி